வீட்டு வெல்டிங் கருவி: தேர்வும் பயன்பாடும்

வீட்டு வெல்டிங் கருவி என்பது, வீட்டில் உள்ள ஒருமுனை மின் இணைப்பில் இயங்கி, இரும்புத் துண்டுகளின் விளிம்புகளை உருக்கி ஒன்றாக இணைக்கும் சிறிய மின்கருவி ஆகும். பாடநூல்களில் இத்தொழில் 'பற்றவைப்பு' எனப்படுகிறது. வழக்கில் வெல்டிங் என்றே வழங்குகிறது. கையில் தூக்கிச் செல்லக்கூடிய எடை குறைந்த கருவிகள் பரவலாக விற்பனைக்கு வந்த பிறகு, பட்டறைக்கு வெளியே, வீட்டுக் கார் ஷெட்டிலும் மொட்டை மாடியிலும் வெல்டிங் செய்பவர்கள் பெருகியுள்ளனர். பூந்தொட்டித் தாங்கி, செருப்பு வைக்கும் அடுக்கு, கீல் விட்டுப்போன கேட், உடைந்த இரும்பு நாற்காலி போன்றவை இவ்வாறு வீட்டிலேயே செய்யப்படும் வேலைகள்.

கருவி வாங்குபவர் பெரும்பாலும் அதன் மேல் அச்சிடப்பட்ட ஆம்பியர் எண்ணையே முதலில் பார்க்கிறார். உண்மையில் தேர்வை முடிவு செய்ய வேண்டியவை வேறு இரண்டு: வீட்டு வயரிங் எவ்வளவு மின்சாரத்தைத் தாங்கும் என்பதும், வேலை செய்பவரின் கண், மூச்சு, உடல் ஆகியவற்றுக்கு என்ன பாதுகாப்பு இருக்கிறது என்பதும் ஆகும். சென்னையின் மேற்குப் புறநகர்களான அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பகுதிகளின் சூழலை முன்வைத்து இவை கீழே விளக்கப்படுகின்றன.

வட்டாரப் பின்னணி

சென்னையின் மேற்குப் பகுதி வெல்டிங் தொழிலோடு நெருங்கிய தொடர்புடையது. பெரம்பூர் அருகே உள்ள இரயில் பெட்டித் தொழிற்சாலை 1955 அக்டோபர் 2 அன்று தொடங்கி வைக்கப்பட்டது. சுவிட்சர்லாந்து நிறுவனத்தின் தொழில்நுட்ப உதவியுடன், முழுவதும் வெல்டிங்கால் இணைக்கப்பட்ட எஃகுப் பெட்டிகள் அங்கு உருவாயின. ஆவடியில் 1961-இல் நிறுவப்பட்ட கனரக வாகனத் தொழிற்சாலையில் விஜயந்தா முதல் அர்ஜுன் வரையிலான டாங்கிகள் தயாராகியுள்ளன. தடித்த கவசத் தகடுகளை ஒன்றோடொன்று பற்றவைத்தே ஒரு டாங்கியின் உடற்கூடு உருவாகிறது. அம்பத்தூர் தொழிற்பேட்டை 1964-இல் தொடங்கப்பட்டு, ஏறத்தாழ 1,300 ஏக்கரில் சிறு, குறு தொழிற்கூடங்கள் நிறைந்த பகுதியாக வளர்ந்தது. பூந்தமல்லியைத் தாண்டி, பெங்களூரு நெடுஞ்சாலையில் உள்ள இருங்காட்டுக்கோட்டையில் 1998 முதல் கார்கள் தயாராகின்றன.

வெல்டிங் குச்சியின் வரலாற்றுக்கும் அம்பத்தூருக்கும் ஒரு தொடர்பு உண்டு. உலோகக் கம்பியின் மேல் பூச்சு பூசிய வெல்டிங் குச்சியை உருவாக்கியவர் சுவீடனைச் சேர்ந்த ஆஸ்கர் ஷெல்பெரி. அவர் 1904-இல் தொடங்கிய ஈசாப் நிறுவனத்தின் இந்தியக் கிளை, அம்பத்தூர் தொழிற்பேட்டையில் அலுவலகம் கொண்டு இயங்கி வருகிறது.

இப்பகுதிகளில் பல வீடுகளில் தொழிற்சாலை அனுபவம் உள்ள ஒருவராவது இருப்பார். அந்த அனுபவம் பெரிய உதவிதான். ஆனால் தொழிற்சாலையில் மும்முனை மின்சாரம், புகைபோக்கி, தீயணைப்பு ஏற்பாடு, மேற்பார்வையாளர், முதலுதவி அறை எல்லாம் உண்டு. வீட்டுக் கார் ஷெட்டில் இவற்றில் ஒன்றும் இல்லை. தொழிற்சாலை வேலைக்கும் வீட்டு வேலைக்கும் உள்ள முக்கிய வேறுபாடு இதுவே.

மின்வில் செயல்படும் விதம்

வெல்டிங் கருவியிலிருந்து இரண்டு தடித்த கேபிள்கள் வெளிவரும். ஒன்றின் முனையில் உள்ள ஹோல்டர் வெல்டிங் ராடைப் பிடித்திருக்கும். மற்றொன்றின் முனையில் உள்ள எர்த் கிளாம்ப், வேலைக்குரிய இரும்பைக் கவ்வியிருக்கும். ராடின் நுனி இரும்பைத் தொட்டுச் சற்றே விலகும்போது, இடையில் உள்ள காற்று அயனியாகி அதன் வழியே மின்சாரம் பாய்கிறது. இதுவே மின்வில். மின்வில்லின் வெப்பநிலை பல ஆயிரம் டிகிரி செல்சியஸ். எஃகு உருகுவதற்கு ஏறத்தாழ 1,500 டிகிரி போதும் என்பதால், ராடின் நுனியும் இரும்பின் விளிம்பும் நொடியில் உருகிக் கலக்கின்றன.

உருகிய இரும்பு காற்றில் உள்ள ஆக்சிஜனோடும் நைட்ரஜனோடும் சேர்ந்தால் இணைப்பு நொறுங்கும் தன்மை பெறும். ராடின் மேல் உள்ள பூச்சு எரிந்து ஒரு வாயுப் படலத்தை உண்டாக்கி, காற்று நெருங்காமல் தடுக்கிறது. மீதி, கசடாக மேலே மிதந்து உறைந்து, குளிரும் இரும்பை மூடுகிறது. இந்தக் கசடைத்தான் வெல்டர்கள் சுத்தியலால் தட்டி எடுக்கின்றனர்.

கருவி வகைகள்

டிரான்ஸ்பார்மர் வகை: பழைய பட்டறைகளில் காணப்படும் கனத்த இரும்புப் பெட்டி. நீண்ட காலம் உழைக்கும்; பழுது பார்ப்பது எளிது. ஆனால் எடை மிகுந்தது. தொடக்கத்தில் இழுக்கும் மின்சாரமும் அதிகம். பல கருவிகள் இரண்டு பேஸ் அல்லது மும்முனை இணைப்பு கேட்பவை. வீட்டுக்கு இது பொருந்தாது.

இன்வெர்ட்டர் வகை: வீட்டு மின்சாரத்தை முதலில் நேர்மின்சாரமாக மாற்றி, மின்னணுச் சாதனங்களால் பல்லாயிரம் முறை வெட்டி, சிறிய டிரான்ஸ்பார்மர் வழியாக வெல்டிங்குக்கு ஏற்ற நேர்மின்சாரமாகத் தருவது. எடை குறைவு, மின்சாரச் செலவு குறைவு, மின்வில் நிலையாக எரியும். வீட்டுக்கு ஏற்றது இதுவே.

இன்வெர்ட்டர் என்ற சொல் நம் வீடுகளில் மின்தடையின்போது பேட்டரியிலிருந்து மின்சாரம் தரும் கருவியையும் குறிக்கிறது. இவை இரண்டும் வேறு வேறு. அந்தப் பேட்டரி இன்வெர்ட்டரின் வழியாக வெல்டிங் கருவியை இயக்கக் கூடாது. கார் ஷெட்டில் உள்ள பிளக் அந்த இணைப்பில் இருக்கிறதா என்பதை முதலிலேயே பார்த்துக்கொள்ள வேண்டும்.

மிக் வகை: தொழிற்சாலைகளில் 'சி.ஓ.டூ வெல்டிங்' எனப்படுவது. சுருளிலிருந்து கம்பி தானாக வந்துகொண்டே இருக்கும். மெல்லிய தகட்டுக்கு நல்லது, கற்பதும் எளிது. ஆனால் வாயு உருளை தேவை. வாயு இல்லாமல் இயங்கும் பூச்சடைத்த கம்பியும் உண்டு. அது அதிகப் புகை தரும்.

டிக் வகை: 'ஆர்கான் வெல்டிங்' எனப்படுவது. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், அலுமினிய வேலைகளுக்கு உரியது. அலுமினியத்துக்கு மாறுமின்சாரம் தரும் கருவி வேண்டும் என்பதால் விலை உயரும். கைப்பழக்கமும் மிகுதியாகத் தேவை.

முதன்முறை வாங்குபவருக்கு ராடு பயன்படுத்தும் சிறிய இன்வெர்ட்டர் கருவியே போதுமானது. வாயு உருளை வேண்டாம். இலேசான காற்றிலும் வேலை செய்யலாம். ராடு எல்லா ஹார்டுவேர் கடைகளிலும் கிடைக்கும்.

வீட்டு மின் இணைப்புக்கு ஏற்ற அளவு

வீட்டில் உள்ள பெரிய பிளக் 16 ஆம்பியர் தாங்கக்கூடியது. சிறிய பிளக் 6 ஆம்பியர் மட்டுமே. வெல்டிங் கருவியைச் சிறிய பிளக்கில் ஒருபோதும் இணைக்கக் கூடாது. பெரிய பிளக்கில் எவ்வளவு வேலை செய்யலாம் என்பதை ஒரு கணக்கால் அறியலாம்.

80 ஆம்பியரில் வெல்டிங் செய்யும்போது மின்வில்லின் அழுத்தம் ஏறத்தாழ 23 வோல்ட். எனவே மின்வில்லின் திறன் 80 × 23 = 1,840 வாட். கருவியில் வீணாகும் வெப்பத்தையும் சேர்த்தால், சுவரிலிருந்து சுமார் 2,250 வாட் எடுக்கப்படும். 230 வோல்ட்டில் இது 10 ஆம்பியர். ஆனால் எளிய இன்வெர்ட்டர் கருவிகளின் திறன் காரணி 0.7 அளவில் இருப்பதால், வயரில் உண்மையில் ஓடுவது சுமார் 14 ஆம்பியர். அதாவது 16 ஆம்பியர் பிளக்கின் எல்லைக்கு உள்ளே.

அதே கணக்கை 120 ஆம்பியருக்குப் போட்டால் சுவரிலிருந்து எடுப்பது 22 ஆம்பியரைத் தாண்டும். 200 ஆம்பியருக்குப் போட்டால் 40 ஆம்பியரைத் தாண்டும். '200 ஆம்பியர்' என்று எழுதிய கருவியை வாங்கினாலும், சாதாரண வீட்டுப் பிளக்கில் அந்த அளவைப் பயன்படுத்த முடியாது என்பது இதிலிருந்து தெளிவாகும். எம்.சி.பி. விழுந்துகொண்டே இருக்கும். அதற்குப் பதிலாகப் பெரிய எம்.சி.பி. மாற்றினால், சுவருக்குள் இருக்கும் மெல்லிய வயர் சூடேறி உருகும். எம்.சி.பி. காப்பது வயரைத்தான், வயரை மாற்றாமல் எம்.சி.பி.யை மட்டும் மாற்றுவது தீ விபத்துக்கு வழி.

எனவே வீட்டில் செய்ய வேண்டியவை:

- கார் ஷெட்டுக்கு மின்பலகையிலிருந்து தனி வயர் இழுத்து, அதற்கு மட்டும் ஒரு எம்.சி.பி. வைத்து, தொழில்முறைப் பிளக் பொருத்துவது நல்லது. இதை உரிமம் பெற்ற மின் பணியாளரே செய்ய வேண்டும்.
- வீட்டுக்கு அனுமதிக்கப்பட்ட மின்சுமை எவ்வளவு கிலோவாட் என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஏ.சி., வாட்டர் ஹீட்டர், மோட்டார் ஆகியவை ஓடும் நேரத்தில் வெல்டிங்கைத் தவிர்க்க வேண்டும்.
- நீட்டிப்பு வயர் தேவைப்பட்டால் குறைந்தது 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயராக இருக்க வேண்டும். சுருளில் உள்ள வயரை முழுவதும் பிரித்துவிட வேண்டும். சுருண்ட நிலையில் வயர் சூடேறும்.
- கருவியின் எர்த் இணைப்பு கட்டாயம். மூன்று முனை பிளக்கின் எர்த் முனையை வெட்டிவிட்டுப் பயன்படுத்துவது உயிருக்கு ஆபத்து.
- வீட்டு இணைப்பு வீட்டுத் தேவைக்கு மட்டுமே. கூலிக்கு வேலை எடுத்துச் செய்பவர் அதற்குரிய மின் இணைப்பைத் தனியாகப் பெற வேண்டும்.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை

டியூட்டி சைக்கிள்: பத்து நிமிடத்தில் எத்தனை நிமிடம் தொடர்ந்து வெல்டிங் செய்யலாம் என்பதைக் காட்டும் விழுக்காடு. 60 விழுக்காடு என்றால் ஆறு நிமிடம் வேலை, நான்கு நிமிடம் ஓய்வு. உலகத் தரப்படி இது 40 டிகிரி வெப்பநிலையில் அளக்கப்பட வேண்டும். சில மலிவான கருவிகளில் குறைந்த வெப்பநிலையில் அளந்து எண்ணை உயர்த்திக் காட்டுவதுண்டு. மே மாதத்தில் 40 டிகிரியைத் தொடும் சென்னையில் இந்த வேறுபாடு உடனே தெரியும்: கருவி சூடேறி, மஞ்சள் விளக்கு எரிந்து, நின்றுவிடும். எந்த ஆம்பியரில், எந்த வெப்பநிலையில் என்ற இரண்டும் சேர்ந்தால்தான் இந்த எண்ணுக்குப் பொருள் உண்டு.

குறைந்த மின்னழுத்தத்தில் இயங்கும் தன்மை: கோடை மாலைகளில் புறநகர் வீடுகளில் மின்னழுத்தம் இறங்குவது வழக்கம். 180 வோல்ட் அளவிலும் இயங்கும் கருவி நல்லது.

கேபிள்: கருவியோடு வரும் கேபிள் பல நேரங்களில் குட்டையாகவும் மெல்லியதாகவும் இருக்கும். ஹோல்டர், எர்த் கிளாம்ப் ஆகியவற்றைக் கையில் எடுத்து அழுத்திப் பார்த்து வாங்க வேண்டும். தளர்ந்த கிளாம்பே மோசமான வெல்டிங்குக்குப் பாதிக் காரணம்.

பழுது நீக்கும் வசதி: விலை சில நூறு ரூபாய் குறைவு என்பதற்காகப் பெயர் தெரியாத கருவியை வாங்குவதைவிட, அம்பத்தூரிலோ பாரிமுனைக் கடைகளிலோ பழுது பார்த்துத் தரக்கூடிய கருவியை வாங்குவது மேல். உத்தரவாத அட்டையையும் ரசீதையும் பத்திரப்படுத்த வேண்டும்.

பணத்தைப் பிரிக்கும் முறை: கைவசம் உள்ள பணம் முழுவதையும் கருவிக்கே செலவிடக் கூடாது. முகக்கவசம், கையுறை, முகமூடி, காலணி, கண்ணாடி, தீயணைப்பான் ஆகியவற்றுக்கு முதலில் ஒதுக்கிவிட்டு, மீதியில் கருவி வாங்குவதே சரியான வரிசை.

வெல்டிங் ராடு

ராடின் மேல் உள்ள எண் அதன் தன்மையைச் சொல்கிறது. வீட்டு வேலைக்கு மிகவும் ஏற்றது 6013. இதில் 60 என்பது இணைப்பின் இழுவலிமையை, சதுர அங்குலத்துக்கு ஆயிரம் பவுண்டு கணக்கில் குறிக்கிறது. அடுத்த 1, எல்லா நிலைகளிலும் வெல்டிங் செய்யலாம் என்பதைக் குறிக்கிறது. கடைசி எண் பூச்சின் வகை. இந்தியத் தரநிலையில் இவ்வகை ராடுகள் ஐ.எஸ். 814-இன் கீழ் வருகின்றன.

ராடின் தடிமனுக்கு ஏற்ற மின்சார அளவு ஏறத்தாழ:

- 2 மில்லிமீட்டர் ராடு: 40 முதல் 60 ஆம்பியர் வரை. மெல்லிய பைப்புகளுக்கு.
- 2.5 மில்லிமீட்டர் ராடு: 60 முதல் 90 ஆம்பியர் வரை. சாதாரண சதுர பைப், ஆங்கிள், பட்டி வேலைகளுக்கு.
- 3.15 மில்லிமீட்டர் ராடு: 90 முதல் 130 ஆம்பியர் வரை. தடித்த இரும்புக்கு. சாதாரண வீட்டுப் பிளக்கின் எல்லையைத் தாண்டும்.

முன்னர்ப் பார்த்த கணக்கோடு இதைச் சேர்த்துப் பார்த்தால், 2.5 மில்லிமீட்டர் ராடே வீட்டுக்குரிய அளவு என்பது விளங்கும்.

ராடின் பூச்சு ஈரத்தை உறிஞ்சும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் திறந்த பொட்டலத்தில் கிடக்கும் ராடு ஈரமாகி, வெடித்துச் சிதறும். இணைப்பில் சிறு துளைகள் விழும். இறுக்கமாக மூடும் டப்பாவில் வைத்தால் இதைத் தவிர்க்கலாம். 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலின்போதும் சென்னையின் பல தரைத்தள வாகன நிறுத்துமிடங்களில் தண்ணீர் புகுந்தது. கருவியையும் ராடையும் தரையில் வைக்காமல் உயரமான தட்டில் வைப்பது இவ்வட்டாரத்துக்குத் தேவையான முன்னெச்சரிக்கை. நீரில் மூழ்கிய கருவியை, உலர்ந்துவிட்டது என்று எண்ணி அப்படியே இயக்கக் கூடாது.

இடத்தைத் தயார் செய்தல்

கார் ஷெட்டில் வெல்டிங் செய்வதற்கு முன் காரையும் இருசக்கர வாகனத்தையும் வெளியே நிறுத்த வேண்டும். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு பரவித் தீப்பொறியைத் தேடிச் செல்லும். பெயிண்ட், தின்னர், சமையல் எரிவாயு உருளை, பழைய செய்தித்தாள், அட்டைப்பெட்டி, துடைக்கும் துணி ஆகியவற்றையும் அகற்ற வேண்டும். தொழிற்சாலைகளில் தீப்பற்றும் பொருள்கள் வேலையிடத்திலிருந்து 11 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும் என்பது பொதுவான விதி. வீட்டில் அவ்வளவு இடம் இல்லாததால், பொருள்களை வெளியே எடுத்து வைப்பது ஒன்றே வழி.

தரை சிமெண்டாக, உலர்ந்ததாக இருக்க வேண்டும். அருகில் ஒரு வாளி மணலும், மின் தீக்கும் பயன்படும் தீயணைப்புத் தூள் உருளையும் வைத்திருக்க வேண்டும். மின்சாரம் ஓடும் கருவியில் தண்ணீர் ஊற்றக் கூடாது. வேலை முடிந்த பிறகும் அரை மணி முதல் ஒரு மணி நேரம் வரை அவ்விடத்தைக் கண்காணிக்க வேண்டும். மூலையில் விழுந்த பொறி மெல்லப் புகைந்து, பிறகு தீயாகலாம்.

மின்வில்லின் ஒளி தெருவில் போகிறவர்களையும், எதிர்வீட்டுக் குழந்தைகளையும் பாதிக்கும். தகரத்தாலோ வெல்டிங் திரையாலோ மறைப்பு வைக்க வேண்டும். அடுக்குமாடிக் குடியிருப்பின் பொது வாகன நிறுத்துமிடத்தில் வெல்டிங் செய்வதைத் தவிர்ப்பதே நல்லது.

பாதுகாப்பு

கண்: மின்வில்லிலிருந்து வரும் புற ஊதாக் கதிர், கருவிழியின் மேற்பரப்பைச் சுட்டுவிடும். அப்போது ஒன்றும் தெரியாது. ஆறு முதல் பன்னிரண்டு மணி நேரம் கழித்து, பெரும்பாலும் நள்ளிரவில், கண்ணில் மணலை அள்ளிப் போட்டது போன்ற வலியும் நீர்வடிதலும் தொடங்கும். குளிர்கண்ணாடி இதைத் தடுக்காது. வீட்டு வேலைக்குரிய மின்சார அளவுக்கு 10-ஆம் எண் கறுப்புக் கண்ணாடி ஏற்றது. தானாகக் கறுக்கும் முகக்கவசம் தொடக்கநிலையாளருக்குப் பெரிதும் உதவும். கண் பாதிக்கப்பட்டால் உருளைக்கிழங்குத் துண்டு வைப்பது, தாய்ப்பால் விடுவது போன்றவை பட்டறைகளில் வழங்கும் கைவைத்தியங்கள். இவை புண்ணை ஆற்றுவதில்லை, கிருமித்தொற்றுக்கு இடம் தரலாம். மரத்துப்போகச் செய்யும் சொட்டு மருந்தைத் தாமாக வாங்கி விடுவதும் புண் ஆறுவதைத் தாமதப்படுத்தும். 1819-இல் தொடங்கப்பட்ட எழும்பூர் அரசு கண் மருத்துவமனை போன்ற இடங்களில் கண் மருத்துவரைப் பார்ப்பதே முறை. கிரைண்டர் பயன்படுத்தும்போதும், கசடு தட்டும்போதும் வெள்ளைப் பாதுகாப்புக் கண்ணாடி தனியாக அணிய வேண்டும்.

மூச்சு: உலக சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்த பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை, 2017-இல் வெல்டிங் புகையை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் பட்டியலில் சேர்த்தது. ஷட்டரை இறக்கிவிட்டு உள்ளே வெல்டிங் செய்யக் கூடாது. காற்று பக்கவாட்டில் வந்து புகையை முகத்திலிருந்து விலக்கும்படி நிற்க வேண்டும். புகை எழும் இடத்துக்கு நேர் மேலே தலையை நீட்டக் கூடாது. துண்டால் மூக்கைக் கட்டுவது பயன் தராது; நுண்துகளைத் தடுக்கும் முகமூடி வேண்டும். ஜி.ஐ. பைப்பின் துத்தநாகப் பூச்சு எரிந்தால் வெள்ளைப் புகை வரும். அதைச் சுவாசித்தவருக்குச் சில மணி நேரத்தில் குளிர்காய்ச்சல் போல நடுக்கம் வரும். பெயிண்டையும் துத்தநாகப் பூச்சையும் வெளியிடத்தில், முகமூடியோடு தேய்த்து அகற்றிய பிறகே வெல்டிங் செய்ய வேண்டும்.

மின்அதிர்ச்சி: வேலை செய்யாமல் வெறுமனே இயங்கும் கருவியின் ஹோல்டரில் 60 முதல் 80 வோல்ட் வரை இருக்கலாம். உலர்ந்த தோலுக்கு இது பெரிதாகத் தோன்றாது. ஆனால் சென்னையின் புழுக்கத்தில் வேர்வையில் நனைந்த கையுறை, ஈரத் தரை, இரும்பின் மேல் அமர்ந்த நிலை ஆகியவை சேர்ந்தால் உயிரையும் எடுக்கும். வீட்டில் உள்ள ஆர்.சி.சி.பி. கருவியின் உள்வரும் பக்கத்தை மட்டுமே காக்கும். ஹோல்டரிலிருந்து அடிக்கும் மின்சாரத்துக்கு அது விழாது. எனவே உலர்ந்த தோல் கையுறை, ரப்பர் அடியுள்ள மூடிய காலணி, காலுக்கடியில் உலர்ந்த பலகை ஆகியவையே உண்மையான காப்பு. மழை பெய்யும்போதும் வெறுங்காலோடும் வேலை செய்யக் கூடாது. இதயத்தில் பேஸ்மேக்கர் பொருத்தியவர்கள் மருத்துவரைக் கேட்காமல் வெல்டிங் நடக்கும் இடத்தை நெருங்கக் கூடாது.

உடை: முழுக்கைப் பருத்திச் சட்டையும், மடிப்பு இல்லாத பருத்திப் பேண்ட்டும் ஏற்றவை. பாலியெஸ்டர் துணி பொறி பட்டதும் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். லுங்கியும் செருப்பும் வெல்டிங்குக்கு உரியவை அல்ல. தீக்காயம் பட்டால் இருபது நிமிடம் குழாய்த் தண்ணீரில் காட்ட வேண்டும். பற்பசை, பேனா மை, மாவு எதையும் தடவக் கூடாது. பெரிய காயமானால் 108-ஐ அழைக்க வேண்டும்.

வேலை செய்யும் முறை

1. இணைக்கும் இடத்தில் துரு, எண்ணெய், பெயிண்ட் இல்லாமல் கம்பி பிரஷாலோ கிரைண்டராலோ தேய்க்க வேண்டும். எர்த் கிளாம்பும் சுத்தமான இரும்பையே கவ்வ வேண்டும்.
2. துண்டுகளை மூலைமட்டம் வைத்துப் பொருத்தி, முதலில் சிறு சிறு புள்ளிகளாகப் பற்றவைக்க வேண்டும். இதை 'டேக் வைப்பது' என்பர். மறுபடி அளந்து சரிபார்த்த பிறகே முழு வெல்டிங் செய்ய வேண்டும்.
3. ராடின் எந்த முனைக்கு எந்தத் துருவம் என்பதை, பொட்டலத்தின் மேல் அச்சிட்டுள்ளபடி இணைக்க வேண்டும்.
4. தீக்குச்சியை உரசுவது போல ராடின் நுனியை இரும்பில் உரசி, மின்வில் பிறந்ததும் இலேசாக உயர்த்த வேண்டும். ராடின் தடிமன் அளவு இடைவெளியே சரியான இடைவெளி. ராடு ஒட்டிக்கொண்டால் மணிக்கட்டைத் திருப்பி விடுவிக்க வேண்டும்.
5. ராடைப் போகும் திசையில் சற்றே சாய்த்து, ஒரே வேகத்தில் இழுக்க வேண்டும். பளிச்சென்ற ஒளியைப் பார்க்காமல், அதன் பின்னால் உள்ள உருகிய குட்டையைப் பார்க்கப் பழக வேண்டும். கசடு சற்று மங்கலாகவும், உருகிய இரும்பு பளபளப்பாகவும் தெரியும். இதைப் பிரித்தறிவதே வெல்டிங் கல்வியின் பாதி.
6. ஒரே பக்கத்தில் தொடர்ந்து வெல்டிங் செய்தால் இரும்பு அந்தப் பக்கம் இழுத்து வளையும். எதிரெதிர்ப் பக்கங்களில் மாறி மாறிச் செய்ய வேண்டும்.
7. குளிர்ந்த பிறகு கசடைத் தட்டி, பிரஷால் தேய்த்து, இணைப்பைப் பார்வையிட வேண்டும். பிறகு ரெட் ஆக்சைடு பூசி வைக்க வேண்டும். சென்னைக் காற்றில் பூசாத இரும்பு விரைவில் துருப்பிடிக்கும்.

குறைகளும் காரணங்களும்

- ராடு அடிக்கடி ஒட்டிக்கொள்வது: மின்சாரம் குறைவு, ஈர ராடு அல்லது தளர்ந்த எர்த்.
- மெல்லிய பைப்பில் ஓட்டை விழுவது: மின்சாரம் அதிகம் அல்லது கை மெதுவாக நகர்வது.
- இணைப்பு கயிறு போல மேலே மட்டும் நிற்பது: மின்சாரம் குறைவு. உள்ளே பிடிப்பு இருக்காது. ஒரு தட்டில் கழன்றுவிடும்.
- விளிம்பில் பள்ளம் விழுவது: மின்சாரம் அதிகம் அல்லது இடைவெளி அதிகம்.
- சிறு துளைகள்: ஈரம், துரு, எண்ணெய், பெயிண்ட்.

கழிவுத் துண்டுகளில் வரிசை வரிசையாகக் கோடு இழுத்துப் பழகுவதும், பழகிய இணைப்பை வைஸில் பிடித்துச் சுத்தியலால் அடித்து உடைத்துப் பார்ப்பதும் சிறந்த பயிற்சி. உடைந்த பக்கத்தைப் பார்த்தால் உள்ளே உருகியிருக்கிறதா என்பது தெரிந்துவிடும்.

வீட்டில் செய்யக் கூடாத வேலைகள்

பார்வைக்கு அழகாக இருக்கும் இணைப்பு வலுவானதாக இருக்க வேண்டும் என்பதில்லை. அது கழன்றால் யாருக்கு என்ன ஆகும் என்பதே அளவுகோல். பூந்தொட்டித் தாங்கி கழன்றால் தொட்டி உடையும். பால்கனிக் கைப்பிடி கழன்றால் ஓர் உயிர் போகும். எனவே மாடிப்படி, பால்கனிக் கைப்பிடி, ஊஞ்சல் கொக்கி, தண்ணீர்த் தொட்டி நிற்கும் சட்டம், கூரைச் சட்டம், வாகனத்தின் சேஸிஸ், இருசக்கர வாகனத்தின் ஃபோர்க் ஆகியவற்றைத் தொழில்முறை வெல்டரிடமே விட வேண்டும்.

காலியான பெட்ரோல் தொட்டி, எண்ணெய் டிரம், எரிவாயு உருளை ஆகியவற்றில் வெல்டிங் செய்வதை முற்றிலும் தவிர்க்க வேண்டும். உள்ளே தங்கிய ஆவி குண்டைப் போல வெடிக்கும். கழுவிவிட்டால் போதும் என்பது தவறான நம்பிக்கை. மின்னணுச் சாதனங்கள் நிறைந்த கார்களில் பேட்டரியைக் கழற்றாமல் சிறு வெல்டிங்கும் செய்யக் கூடாது.

பயிற்சி வாய்ப்புகள்

அம்பத்தூரில் அரசு தொழிற்பயிற்சி நிலையம் உள்ளது. நாட்டின் தொழிற்பயிற்சி நிலையங்களில் வெல்டர் பிரிவு ஓராண்டுப் படிப்பாகும். உயர்நிலைப் பயிற்சிக்கும் ஆய்வுக்கும் திருச்சிராப்பள்ளியில் பெல் நிறுவனத்தின் வெல்டிங் ஆராய்ச்சி நிலையம் 1975 முதல் இயங்கி வருகிறது.

பொழுதுபோக்காகக் கற்பவர் தேர்ந்த வெல்டர் ஒருவரின் அருகில் சில நாள்கள், உரிய முகக்கவசத்தோடு நின்று பார்ப்பதும், அவர் முன்னிலையில் முதல் சில ராடுகளை எரிப்பதும் நன்று. மாணவர்கள் பெரியவர் துணையின்றிக் கருவியை இயக்கக் கூடாது. அனுபவம் உள்ளவரும் வீட்டில் தனியாக இருக்கும்போது வெல்டிங் செய்யாமல், மின்பலகையின் சுவிட்சு எங்கே இருக்கிறது என்று தெரிந்த ஒருவரைக் குரல் கேட்கும் தூரத்தில் வைத்துக்கொள்வதே பாதுகாப்பானது.